பேய்க்கு நைட் ஷிப்ட் கொடுத்தாயிற்று, அப்புறம்?

அன்புள்ள சார்,

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன் நான். டிவியில் மருமகளின் பாலில் மாமியார் விஷம் கலப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், காமெடி சீரியலுக்கான ஐடியாக்களை நானே ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். இதுவரை 27 தேறியிருக்கின்றன. மாதிரிக்கு மூன்று: ஐடி கம்பெனியில் நைட் ஷிப்டுக்குச் சேரும் பேய். எஜமானர் குடித்தால் மட்டும் பேசும் நாய். செயலாளர் பதவிக்கு யாருமே வராத அபார்ட்மெண்ட் சங்கம். இவற்றை சேனலில் எப்படிச் சொல்வது? சொன்னால் திருடிவிட மாட்டார்களா? “முதல்ல யாராவது படிக்கட்டும், அப்புறம் திருடட்டும்” என்கிறாள் என் மனைவி.

எஸ்., ஸ்ரீரங்கம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் வீட்டில் சீரியல் எழுத வேண்டியவர் யார் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பேய் ஐடியாவைப் படித்துச் சிரித்தேன். ஆனால் நைட் ஷிப்ட் என்றதுமே அந்த ஜோக் முடிந்துவிடுகிறது. அடுத்த வாரம் பேய் இன்க்ரிமென்ட் கேட்கும். அதற்கடுத்த வாரம்? நாயும் அதே கதைதான். இரண்டும் நல்ல துணுக்குகள், பத்திரிகைக்கு அனுப்புங்கள். சேனல்காரர்களுக்கு நாற்பதாவது எபிசோடில் என்ன நடக்கும் என்பதுதான் கவலை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சேனலில் கதை சொல்லப் போயிருந்தேன். அழைப்பே இல்லாமல் ஊர்க் கல்யாணங்களில் எல்லாம் பந்தியில் உட்காரும் ஒரு மனிதர்தான் ஹீரோ. நடித்தே காட்டினேன். எதிரே இருந்தவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, “சூப்பர் சார். ஆனா மாட்டிக்கிட்டா அவர் பாட்டுக்கு அடுத்த மண்டபத்துக்குப் போயிடுவாரே?” என்றார். என்னிடம் பதில் இல்லை. தட்டில் இருந்த பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன். அவருக்கு ரசனை போதாது என்று லிஃப்டில் இறங்கும்போது திட்டினேன். பஸ் ஏறியபோதுதான் உறைத்தது. என் ஆளால் எழுந்து போய்விட முடியும். எழுந்து போக முடியாதவர்களை வைத்துத்தான் வாராவாரம் சிரிப்புக் காட்ட முடியும்.

1970இல் இங்கிலாந்தின் டார்க்கி என்ற கடலோர ஊரில் மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் காமெடிக் குழுவினர் ஒரு ஓட்டலில் தங்கினார்கள். தங்க வருகிறவர்களைத் தொல்லையாக நினைக்கும் உரிமையாளர். குழுவில் ஒருவரான டெர்ரி கில்லியம் கத்தியும் முள்கரண்டியும் பிடித்த விதம் சரியில்லை என்று சாப்பாட்டு மேஜையிலேயே கண்டித்தாராம். எரிக் ஐடிலின் கைப்பெட்டியில் வெடிகுண்டு இருக்கும் என்று அதை வெளியே கொண்டுபோய் வைத்தாராம். மற்றவர்கள் வேறு ஓட்டலுக்கு ஓட, ஜான் கிளீஸ் மட்டும் அங்கேயே தங்கினார். அந்த உரிமையாளரை வைத்துத்தான் பின்னாளில் கிளீஸும் நடிகை கானி பூத்தும் ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ என்ற ஓட்டல் காமெடி சீரியலை எழுதினார்கள். ஸ்கிரிப்டைப் படித்த பிபிசி ஆசாமி ஒருவர், அரைத்த மாவு, இது தேறவே தேறாது என்கிற ரீதியில் 1974இல் குறிப்பு எழுதிவைத்தார். இன்னொரு அதிகாரி, கதையை ஓட்டலுக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னார். உள்ளேயே இருந்தால்தான் அழுத்தம் ஏறும் என்றார் கிளீஸ். குக்கரைத் திறந்துவைத்துவிட்டு விசிலுக்குக் காத்திருக்க முடியுமா? 1975இலும் 1979இலுமாக மொத்தமே 12 எபிசோட். 2000இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் எடுத்த சிறந்த பிரிட்டிஷ் டிவி நிகழ்ச்சிகளின் பட்டியலில் அதற்குத்தான் முதலிடம்.

உங்கள் நோட்டில் அந்த ஓட்டலுக்கு ஈடானது அபார்ட்மெண்ட் சங்கம். ஹோம் லோன் இன்னும் பதினாலு வருடம் பாக்கி, எங்கே போவார்கள்? ஞாயிறு காலை கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். பதினாறு வீட்டில் வந்தது ஆறு பேர். செயலாளர் யார் என்றதும் எல்லோரும் போனைப் பார்க்கிறார்கள். பால் வாங்கப் போன இரண்டாவது மாடிக்காரர் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். பாக்கெட்டும் கையுமாகத் திரும்பி வருகிறவரிடம் வாட்ச்மேன் மோட்டார் ரூம் சாவியை நீட்டுகிறான். முதல் எபிசோடை அங்கே முடித்துவிடலாம். அதன்பின் தண்ணீர் லாரி, லிஃப்ட், பதினொரு மாதமாக மெயின்டனன்ஸ் கட்டாமல் கூட்டத்தில் எல்லோரையும்விட உரக்கக் கத்துகிறவர் என்று தானாக வரும்.

சேனலுக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு பக்கத்தில் கதைக்களம், யாருக்கு யாரைப் பிடிக்காது என்ற விவரம், பத்து எபிசோடுக்கு இரண்டிரண்டு வரி, ஒரே ஒரு முழு ஸ்கிரிப்ட். இது போதும். சொல்லும்போது “செம காமெடியா இருக்கும் சார்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவர்கள் முகம் இறுகிவிடும்.

திருட்டு விஷயம். வெறும் ஐடியாவுக்குக் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாது, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தன் நாடகத்தைப் படமாக எடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டவர் தோற்றுப்போனார். ஆகவே ஒரு வரியைப் பூட்டிவைத்துப் பலனில்லை. முழு ஸ்கிரிப்டாக எழுதுங்கள், எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துவிட்டு வெளியே காட்டுங்கள்.

அப்புறம், மோட்டார் ரூம் சாவியோடு வீட்டுக்குள் நுழைகிற அந்த மனிதரிடம் அவர் மனைவி என்ன சொல்வாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் வீட்டில் கேட்டு எழுதுங்களேன்.