அணைக்கட்டு ஆற்று இறாலை மறிக்கும், கிரேபிஷை மறிக்காது

கேள்வி: எங்கள் ஊர் கரடியனாற்றுப் பக்கம். வீட்டுச் சீமெந்துத் தொட்டியில் மகன் நீலக் கிரேபிஷ் (இறால் போன்ற, பெரிய கொடுக்குள்ள நன்னீர் உயிரி) நான்கு வளர்க்கிறான். தொட்டியை ஒட்டி வாய்க்கால் ஓடுகிறது. அது ஓடையில் விழுந்து, ஓர் அணைக்கட்டைத் தாண்டி வாவிக்குப் போகும். இவை தப்பினாலும் அணைக்கட்டு மறித்துவிடும், வெளிநாட்டில் இதற்கென்றே தடுப்பு கட்டுகிறார்கள் என்று வாசித்தேன். உண்மையா? இன்னொன்று: முந்தி அணைக்கட்டுக்கு மேலே அத்தாங்கு போட்டாலே கொடுக்கு நீண்ட ஆற்று இறால் வரும். உயர்த்திக் கட்டிப் பூசிய பிறகு காணவே இல்லை. ஏன்?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்றதற்கான விடை அதற்குள்தான் இருக்கிறது.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் ரோசன்பேர்கி என்ற பெரிய நன்னீர் இறாலாக இருக்கும். அது வளர்வது ஆற்றிலும் குளத்திலும், ஆனால் குஞ்சு பிழைக்க உவர்நீர் வேண்டும். சினை இறால் ஒன்று கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். வயிற்றுக்கடியில் முட்டை செம்மஞ்சளாக இருந்தால் பொரிக்க இன்னும் நாள் கிடக்கிறது. சாம்பல் நிறமாகியிருந்தால் இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். நன்றாக வளர்ந்த தாய் ஒரே தடவையில் 80,000 முதல் 1,00,000 முட்டை வரை சுமக்கும். வெளியே வரும் குஞ்சு தலைகீழாக, வால் முன்னே போக நீந்தும். சில நாட்களுக்குள் உவர்நீரில் சேராவிட்டால் செத்துவிடும். கடல்நீரில் உள்ள உப்பில் மூன்றில் ஒரு பங்கே அதற்குப் போதும். அங்கே 11 பருவம் கடந்து, சில வாரங்களில் குட்டி இறாலாகி, மறுபடி ஆற்றில் ஏறத் தொடங்கும்.

வான் பாயும் காலத்தில் கீழே இறங்குவது பெரிய பாடில்லை. ஏறுவதுதான் பாடு. நகக்கண் அளவுக் குட்டியால் அணைக்கட்டில் கொட்டும் நீரை எதிர்த்து நீந்த முடியாது. அது இரவில், கரையோரமாக நீர் மெல்லிசாக வடியும் இடத்தைப் பிடித்து, பாசியிலும் சொரசொரப்பிலும் காலை ஊன்றித் தவழ்ந்து ஏறும். ஈரம் மட்டும் இருந்தால் செங்குத்துச் சுவரிலும் ஏறிவிடும். உங்கள் பழைய கட்டு கருங்கல்லும் பாசியுமாக இருந்திருக்கும். இப்போது வழுவழுவென்று பூசி, உச்சியில் விளிம்பை வெளியே நீட்டியிருந்தால், நீர் சுவரைத் தொடாமல் எட்டத்தில் விழும். ஏறும் குட்டிக்கு ஈரமும் இல்லை, பிடியும் இல்லை. கட்டு எத்தனை அடி உயர்ந்தது என்பதைவிட இதுதான் முக்கியம். கட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். கடலில் பிறந்து ஆற்றுக்கு வரும் விலாங்குக் குஞ்சுக்கும் இதே கதிதான்.

சேனாநாயக்க சமுத்திரம் போன்ற பெரிய அணையில் ஏறுகிற பேச்சுக்கே இடமில்லை. குளங்களில் இறால் குஞ்சைத் திரும்பத் திரும்ப விட வேண்டியிருப்பதும் இதனால்தான். விட்டது வளரும், பிடிக்கலாம், பெருகாது.

சரி, கிரேபிஷுக்கு வருவோம். தாய் முட்டையை வாலடியில் சுமந்து, பொரித்த குட்டியையும் கொஞ்சக் காலம் அங்கேயே வைத்திருக்கும். பிறக்கும்போதே தாயைப் போன்ற உருவம். உவர்நீர் வேண்டாம், பயணமும் வேண்டாம். அணைக்கட்டுக்கு மேலே ஒரு குட்டை கிடைத்தால் அங்கேயே பிறந்து பெருகிவிடும். பளிங்குக் கிரேபிஷ் என்ற வகையில் எல்லாமே பெண், ஆணில்லாமலே பெருகும். ஒன்றே ஒன்று தப்பினால் போதும்.

நீங்கள் வாசித்ததும் உண்மைதான். ஐரோப்பாவில் அமெரிக்க சிக்னல் கிரேபிஷ் மேலே ஏறி, ஓடைத் தலைப்பில் மிஞ்சியிருக்கும் உள்ளூர்க் கிரேபிஷை அழித்துவிடாமல் இருக்கத் தடுப்பு வைக்கிறார்கள். வழுக்கும் தகடு, வெளியே நீட்டிய விளிம்பு, பக்கவாட்டில் சுற்றிப் போக வழியில்லாத கரை எல்லாம் அதற்கு வேண்டும். நம் அணைக்கட்டின் இரு புறமும் மண்கரைதான். மழை இரவில் கிரேபிஷ் கரையேறி நடந்தே மேலே போய்விடும். கீழ்நோக்கிப் போவதை எந்தத் தடுப்பும் நிறுத்தாது. அப்படியொரு தடுப்பை இங்கே கட்டினாலும் முதலில் அடிபடுவது மேலே ஏறியே தீர வேண்டிய இறால்தான்.

இலங்கையில் இயற்கையாகக் கிரேபிஷ் கிடையாது. நம் ஓடைகளில் இருப்பவை இறாலும் நன்னீர் நண்டும். இங்குள்ள நன்னீர் நண்டுகளில் ஏறக்குறைய எல்லா இனமும் உலகில் வேறெங்கும் இல்லாதவை. கமக்காரருக்கும் இதில் கவலை உண்டு. 1970களில் ஸ்பெயினின் குவாடல்கிவிர் சதுப்பில் வளர்ப்புக்கென்று விட்ட அமெரிக்கச் சிவப்புக் கிரேபிஷ், நெல்வயல் வரம்பையும் வாய்க்கால் கரையையும் துளைத்து, முளைத்த நாற்றையும் வெட்டித் தின்றது.

ஆகவே கிரேபிஷை மறிக்க வேண்டிய இடம் உங்கள் தொட்டி. கனமான வலைமூடி போடுங்கள். காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டே ஏறி வெளியே வந்துவிடும், அந்த ஓட்டையையும் அடையுங்கள். தொட்டி நீரை வாய்க்காலில் ஊற்ற வேண்டாம். குட்டியும் போகும், இறாலைக் கொல்லும் வெண்புள்ளி வைரஸும் போகலாம். வாய்க்காலுக்கு எட்டத்தில் காய்ந்த தரையில் ஊற்றுங்கள். வளர்க்க மனமில்லையென்றால் குளத்தில் விடாமல் குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைத்துப் புதையுங்கள். மகனிடம் காரணத்தையும் சொல்லுங்கள்.

அணைக்கட்டு விஷயத்தை வயல் நீரைப் பங்கிடும் வட்டவிதானையிடமும் கமக்காரர் அமைப்பிடமும் பேசி, கட்டுக்குப் பொறுப்பான நீர்ப்பாசன அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். நீர் மெல்லிசாக வடியும் ஓரத்தில் கற்களைப் பதித்த சாய்தளம் ஒன்று போதும். அது சரிவரும்வரை தடித்த தும்புக்கயிறுகளை உச்சியிலிருந்து கீழ் நீருக்குள் தோயும்படி தொங்கவிடலாம், ஆனால் முழு நீளமும் நனைந்திருக்க வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு இரவில் டோர்ச் அடித்துப் பாருங்கள். அடியில் குட்டிகள் கூடி நின்றால் வழி எந்த ஓரத்தில் வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஏற்கனவே ஒன்று தப்பியிருந்தால், மீன்தலை கட்டிய கூட்டை இரவில் வாய்க்காலில் வையுங்கள். குட்டி அகப்பட்டால் படம் எடுத்து, பிரதேச மீன்வளர்ப்பு விரிவாக்க உத்தியோகத்தருக்கு அன்றைக்கே அறிவியுங்கள்.