விகடகவி ஏன் திரும்பவில்லை?

அன்புள்ள அண்ணா,

வணக்கம். நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஓய்வு நேரத்தில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லைப் பின்னாலிருந்து படித்தாலும் அதே சொல் வருகிறதா என்று பார்க்க அதில் ஒரு ஃபங்ஷன் (சிறு நிரல்) உண்டு. 'விகடகவி' கொடுத்தேன், 'இல்லை' என்றது. சொல்லின் நீளத்தைச் சொல்லும் லெங்த் பார்த்தால் 5 இல்லை, 7! ஏஐயிடம் கேட்டேன். சொல்லை எழுத்துகளாகப் பிரிக்க நான் வைத்திருந்த ஸ்ப்ளிட்டை எடுத்துவிட்டு, அதே வேலைக்கு மூன்று புள்ளி வைக்கும் ஸ்ப்ரெட் போடச் சொன்னது. அப்போதும் 'இல்லை'தான்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பிரித்த எழுத்துகளின் வரிசையான அர்ரேயை, அதைத் திருப்பிப்போடும் ரிவர்ஸுக்கு முந்தைய வரியிலேயே கன்சோல்.லாக் செய்து, பிரவுசரின் கன்சோல் பகுதியில் அச்சிட்டிருந்தேன். குரோமில் மடங்கிய நிலையில் சரியான வரிசை தெரிகிறது. பக்கத்திலிருக்கும் முக்கோணத்தைத் தட்டி விரித்தால் திருப்பிப்போட்ட வரிசை! கன்சோல்கூடப் பொய் சொல்லுமா? எங்கள் டீம் லீட், "பத்து நாளில் எழுதின மொழி, இப்படித்தான் இருக்கும். பேசாமல் பைத்தானுக்குப் போ" என்கிறார். போய்விடவா?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

பைத்தானுக்குத் தாராளமாகப் போங்கள், நல்ல மொழி. விகடகவிக்காகப் போகாதீர்கள். அங்கே நீளம் கேட்கும் 'லென்' போட்டாலும் இதே 7தான் வரும்.

பத்து நாள் கதை உண்மைதான். 1995 மே மாதம் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை அப்படித்தான் எழுதி முடித்தார். அந்தக் காலத்துத் தழும்புகள் இன்றும் மொழியில் இருக்கின்றன. 'எதுவும் இல்லை' என்பதைக் குறிக்கும் 'நல்' என்ன வகை என்று டைப்ஆஃப் போட்டுக் கேட்டால் 'ஆப்ஜெக்ட்' (பொருள்) என்னும். 10, 9, 1 என்ற எண்களை சும்மா சார்ட் செய்தால் (வரிசைப்படுத்தினால்) 1, 10, 9 என்று அடுக்கும். உங்கள் லீட் இவற்றுக்காகத் திட்டியிருந்தால் நானும் கூடச் சேர்ந்து திட்டியிருப்பேன். இந்த வழக்கில் ஐக் நிரபராதி.

இங்கே பார்க்கவேண்டியது யூனிகோடை, அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகத் தரத்தை. அதன் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. இஸ்கி என்ற இந்தியத் தரத்தின் அடுக்கைப் பின்பற்றியே அது அமைந்தது. அந்த அடுக்கில் 'வி' ஓர் எழுத்து அல்ல. 'வ' ஒன்று, இகரக் குறி ஒன்று. ஆக விகடகவியில் இருப்பவை வ, இகரக் குறி, க, ட, க, வ, இகரக் குறி. எண்ணிக்கொள்ளுங்கள், ஏழு. இதைக் கடைசியிலிருந்து வாசித்தால் முதலில் வருவது ஒட்ட எழுத்தில்லாத வெறும் இகரக் குறி. புள்ளி வட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். மற்றொரு குறி பக்கத்தில் வந்த 'க'வில் ஒட்டி 'கி' ஆகிவிடும். உங்கள் ஃபங்ஷன் 'இல்லை' என்றது நியாயமான பதில்.

இதில் எனக்கு நெடுநாளாக ஒரு வேடிக்கை. பள்ளிக்கூடத்தில் நமக்கு 'க்' முதலில், அதனோடு 'அ' சேர்ந்தால் 'க'. யூனிகோடில் 'க' முதலில், அதன் தலையில் புள்ளி வைத்தால் 'க்'. இலக்கணத்தைத் தலைகீழாக நட்டுவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ்16 என்ற முறையும் உருவானது. அது வென்றிருந்தால் உங்கள் லெங்த் 5 என்றே சொல்லியிருக்கும். ஆனால் பிரவுசர்கள் எல்லாம் யூனிகோடில் ஊறிய பிறகு அந்த ஆசைக்குப் பயனில்லை.

ஏஐ சொன்ன ஸ்ப்ரெட் எமோஜிக்கான மருந்து. ஸ்ப்ளிட் ஓர் எமோஜியை இரண்டாக உடைத்துவிடும், ஸ்ப்ரெட் உடைக்காது. தமிழில் உடைப்பு எழுத்துக்கும் குறிக்கும் நடுவில் நடப்பதால் அந்த மருந்து இங்கே பிடிக்காது. உங்களுக்கு வேண்டியது ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்டில்.செக்மென்டர். கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஒரு துண்டாகவே வெட்டித் தரும். வி, க, ட, க, வி. குரோமில் 2020இன் கடைசியிலேயே வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு எச்சரிக்கை: 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டையும் இரண்டிரண்டு துண்டாகவே தரும். அவற்றை ஓர் எழுத்தாகக் கொள்வதா என்பது உங்கள் விளையாட்டின் விதி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கன்சோல் விவகாரம். அது பொய் சொல்லவில்லை, சோம்பேறித்தனம் செய்கிறது. லாக் செய்யும்போது அர்ரேயைப் படியெடுத்து வைக்காமல் அதன் விலாசத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. மடங்கிய வரியில் தெரிவது லாக் செய்த நேரத்து முன்னோட்டம். முக்கோணத்தைத் தட்டிய பிறகுதான் விலாசத்துக்குப் போய்ப் பார்க்கிறது. அதற்குள் ரிவர்ஸ் அங்கே புகுந்து அதே அர்ரேயைப் புரட்டிவிட்டது. விரித்த வரியின் ஓரத்தில் ஆங்கில 'i' போட்ட சின்னக் குறி ஒன்று இருக்கும், அதன்மேல் சுட்டியை வைத்தால் குரோமே இதை ஒப்புக்கொள்ளும். ரிவர்ஸ் மூலத்தையே மாற்றும் என்பதை மறந்ததுதான் இங்கே உண்மையான பிழை. ஜாவாஸ்கிரிப்டின் 2023 தரத்தில் டூரிவர்ஸ்டு வந்திருக்கிறது, அது மூலத்தைத் தொடாமல் புதிய அர்ரே தரும். சந்தேகம் வரும்போது பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் சோர்ஸஸ் பகுதிக்குப் போய், வரி எண்ணைச் சொடுக்கி பிரேக்பாயிண்ட் (நிரலை அந்த வரியில் நிறுத்தும் குறி) வையுங்கள். நிரல் நின்றிருக்கும்போது விரித்துப் பார்த்தால் அந்த நொடியில் உள்ளதே தெரியும்.

இதைவிட மோசமானதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் காலத்தில் பிழை தேட முதலில் இருந்தது திரையில் குதிக்கும் அலர்ட் பெட்டிதான். திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் அலர்ட் வைத்துவிட்டு இருநூறு தடவை 'ஓகே' அழுத்தியிருக்கிறேன். 2006இல் ஜோ ஹெவிட்டின் ஃபயர்பக் என்ற பிழைதேடும் கருவி வந்தபோது இருட்டறையில் விளக்குப் போட்டது மாதிரி இருந்தது. பிறகு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8. வாடிக்கையாளர் ஒருவர் பக்கம் வேலை செய்யவில்லை என்று போன் செய்தார். நேரில் போய் எஃப்12 தட்டி டெவலப்பர் டூல்ஸைத் திறந்து பார்த்தேன், ஓடியது. பிரவுசரை மூடித் திறந்தேன், நின்றது. அந்த பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்தால்தான் கன்சோல் என்ற பொருளே பிறக்கும். நான் மறந்துபோய் விட்டிருந்த ஒரே ஒரு கன்சோல்.லாக் பக்கத்தையே கொன்றிருந்தது. பேய் பிடித்ததோ என்று அரைநாள் அலைந்தேன்.

உங்கள் விளையாட்டுக்கு ஒன்று சொல்லவேண்டும். நூல் பட்டியல் ஒன்றில் 'கோவை' என்று தேடினால் பாதி நூல்கள் வரவில்லை. திரையில் இரண்டு கோவையும் ஒன்றேதான். கன்சோலில் லெங்த் கேட்டேன். ஒன்று 4, மற்றது 5. ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். யார் எந்த விசைப்பலகையில் தட்டினார்களோ! ஒப்பிடும் முன் இரண்டு பக்கமும், சேமிப்பு வடிவத்தை ஒன்றாக்கும் நார்மலைஸ் போட்டதும் சரியானது. 'ஔ'வுக்கு 'ஒ'வும் 'ள'வும் அடிப்பவர்களை மட்டும் எந்த நார்மலைஸும் காப்பாற்றாது. அதற்குத் தனியாக நிரல் எழுதினேன்.

செக்மென்டரைப் போட்டபின் 'தேரு வருதே' கொடுத்துப் பாருங்கள். நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதை என்ன செய்யப்போகிறீர்கள்?