காரை எங்கே நிறுத்தினால் அடி படாது?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பார்க்கிங் பற்றியவை. ஓட்டும்போது படுகிற அடியைவிட நிற்கும்போது படுகிற அடிதான் பலருக்கு எரிச்சல் தருகிறது போல. இடித்தவர் யார் என்றே தெரியாது அல்லவா!

கேள்வி: வணிக வளாகத்துக்குப் போனால் எப்போதும் வாசலை ஒட்டித்தான் நிறுத்துவேன். ஆள் நடமாட்டம் இருக்கும், பாதுகாப்பு என்று நினைத்தேன். வாங்கிச் சில மாதம்தான் ஆகிறது, இரண்டு பக்கக் கதவிலும் சின்னச் சின்ன ஒடுக்கு. எங்கேதான் நிறுத்துவது?

யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. இடம் போதவில்லை, அவ்வளவுதான். பார்க்கிங் கட்டத்தின் அகலம் பெரும்பாலும் 2.4 முதல் 2.5 மீட்டர். காரின் அகலம் 1.7 முதல் 1.9 மீட்டர். இரண்டு கார்களும் கோட்டுக்கு நட்டநடுவில் நின்றால்கூட இடையில் மிஞ்சுவது 60, 70 சென்டிமீட்டர்தான். முன்கதவை முழுதாகத் திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே நீளும். மீதிக் கணக்கு உங்கள் கதவிலேயே இருக்கிறது.

வாசலோர இடத்தில் இன்னொரு சிக்கல், பக்கத்து வண்டி மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் கடையில் சுற்றும் நேரத்தில் அந்தக் கட்டத்துக்கு மூன்று நான்கு வண்டி வந்து போய்விடும். வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை என்று ஒவ்வொன்றும் கதவைத் திறந்து மூடும். அதிலும் கை நிறையப் பையோடு திரும்புகிறவர்கள் கதவை இடுப்பால்தான் தள்ளுவார்கள். அதனால் நல்ல இடத்தைத் தேடுவதைவிட, நல்ல பக்கத்து வண்டியைத் தேடுங்கள் என்பேன். ஊழியர்கள் நிறுத்தும் பகுதிக்கு அருகே பொதுமக்களுக்கு இடம் இருந்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வந்த வண்டி சாயங்காலம் வரை அசையாது.

பக்கத்து வண்டியில் என்ன பார்ப்பது? இரண்டே கதவு உள்ள கார் என்றால் கதவு நீளம் அதிகம், தள்ளி நில்லுங்கள். பின்சீட்டில் குழந்தை இருக்கை தெரிந்தால், அந்தப் பெற்றோர் திரும்பி வந்து கதவை முழுதாகத் திறக்காமல் குழந்தையை உட்கார வைக்க முடியாது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பக்கவாட்டில் சறுக்கித் திறக்கும் கதவுள்ள வேன் என்றால் அதன் பின்கதவைப் பற்றிக் கவலையில்லை. கோட்டை மிதித்துக்கொண்டு கோணலாக நிற்கும் வண்டியை விட்டு விலகுங்கள். ஏற்கெனவே உடம்பெல்லாம் ஒடுக்கு வாங்கிய வண்டியையும்தான். இன்னொரு கீறல் விழுந்தால் அதன் சொந்தக்காரருக்கு ஒன்றுமில்லை. துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் கார் கண்ணில் பட்டால் அதன் பக்கத்தில் நிறுத்துங்கள். அவரும் உங்களை மாதிரிதான், கதவைப் பிடித்துக்கொண்டே இறங்குவார்.

ஒரு பக்கம் தூணோ சுவரோ இருந்தால் இன்னும் நல்லது, பாதி ஆபத்து போய்விடும். தூண் ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கம் வரும்படி பாருங்கள். உடன் வருகிறவர்களை முன்னாலேயே இறக்கிவிட்டு, கண்ணாடியை மடக்கிக்கொண்டு தூணை ஒட்டி நிறுத்தினால் மறுபக்கம் தாராளமாக இடைவெளி கிடைக்கும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. எல்லாரும் ஒரே திசையில் நிறுத்தியிருந்தால் உங்கள் ஓட்டுநர் பக்கத்தை எதிர்கொள்வது அடுத்த காரில் ஓட்டுநர் இல்லாத பக்கம். தனியாக வந்தவர் என்றால் அந்தக் கதவைத் தொடவே மாட்டார்.

வரிசையின் கடைசிக் கட்டம் நல்லது என்று பலரும் சொல்வார்கள். உயரமான திட்டு காவலுக்கு இருந்தால் சரி. இல்லையென்றால் அந்த முனையில்தான் மற்ற வண்டிகள் ஒடித்துத் திரும்பும்; பம்பர் மூலையை உரசிவிட்டுப் போகும்.

அப்புறம், கடையில் சாமான் ஏற்றி வரும் தள்ளுவண்டிகள். தரையின் சரிவைப் பாருங்கள். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுமோ அந்தப் பக்கம்தான் கைவிட்ட தள்ளுவண்டியும் உருளும். அவற்றைத் திருப்பி வைக்கும் இடத்துக்கு மேட்டுப் பக்கம் நிறுத்துங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம்.

கேள்வி: காலியான மூலையில் தனியாக நிறுத்தினாலும் யாராவது வந்து ஒட்டி நிறுத்துகிறார்களே?

நிற்கிற கார் ஒன்று இருந்தால் அதை அளவாக வைத்து நிறுத்துவது எளிது. அதனால் வருகிறார்கள். தடுக்க வழியில்லை. தூரத்து மூலை பகலுக்குத்தான். இருட்டிய பிறகு கதவு ஒடுக்கைவிடக் கண்ணாடி உடைப்பும் திருட்டும் பெரிய கவலை. அப்போது வெளிச்சமும் கேமராவும் உள்ள இடத்துக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: மர நிழலா, வெயிலா? நிழலில் விட்டால் பறவை எச்சம், பிசின். வெயிலில் விட்டால் உள்ளே உட்கார முடியவில்லை.

வெயிலின் கணக்கை முதலில் சொல்கிறேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடும் கோடையில் கார்களை நிறுத்தி அளந்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் உள்ளே சராசரியாக 47 டிகிரி செல்சியஸ், டாஷ்போர்டில் 69 டிகிரி, ஸ்டீயரிங்கில் 53 டிகிரி. நிழலில் நின்றவற்றில் உள்ளே 38, டாஷ்போர்டில் 48, ஸ்டீயரிங்கில் 42. டாஷ்போர்டு வெளுப்பதும் வெடிப்பதும் ஏன் என்று இதிலேயே தெரிகிறது. (நிழல்தானே என்று குழந்தையை உள்ளே விட்டுப் போகாதீர்கள். நிழலில் நிற்கும் காரிலும் குழந்தையின் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும் என்பதும் அதே ஆய்வின் முடிவுதான்.)

ஆக, உள்புறத்துக்கு நிழல்தான் நல்லது. வெளிப்புறத்துக்கு எந்த மரம், அதில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நிறுத்துவதற்கு முன் மேலே பார்க்காதீர்கள், கீழே பாருங்கள். தரையில் வெள்ளைத் திட்டுகள் கொத்துக் கொத்தாக இருந்தால் மேலே பறவைகள் தங்குகின்றன. மரமே இல்லாவிட்டாலும் மின்கம்பிக்கும் விளக்குக் கம்பத்துக்கும் கீழே இதே கதைதான். தரை பிசுபிசுவென்று கறுத்திருந்தால் மேலேயிருந்து ஏதோ சொட்டுகிறது. பல நேரம் அது மரத்தின் பிசினே அல்ல. இலையில் சாறு உறிஞ்சும் பூச்சிகள் விடும் இனிப்பு நீர். அன்றன்றே ஷாம்பு தண்ணீரில் கழுவினால் போய்விடும். விட்டுவைத்தால் அதில் கரும்பூஞ்சை பிடிக்கும்.

எச்சம் பெயின்டைக் கெடுப்பதற்கு அதிலுள்ள அமிலம் மட்டும் காரணமல்ல. வெயிலில் பெயின்டின் மேல்பூச்சு இளகி விரிகிறது, சாயங்காலம் குளிர்ந்து இறுகுகிறது. நடுவில் எச்சம் காய்ந்து கெட்டியாகியிருந்தால் அதன் மேடு பள்ளத்துக்கு ஏற்ப மேல்பூச்சும் இறுகிவிடும். கழுவிய பிறகும் தெரிகிற மங்கலான வட்டம் அதுதான். எச்சம் விழுந்த இடத்தில் வெயில் படுமுன் எடுப்பது முக்கியம். காய்ந்த எச்சத்தை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். அதில் மணலும் விதைத் துணுக்கும் இருக்கும், கீறிவிடும். நனைத்த துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு வைத்து, ஊறியதும் அப்படியே தூக்கி எடுங்கள்.

காற்றடிக்கும் நாளில், மழைக்கு முன், பட்டுப்போன கிளை தெரிந்தால் – எந்த நிழலும் வேண்டாம்.

கேள்வி: அடித்தளப் பார்க்கிங்கில் நிற்கும் என் காரின் பானெட்டில் வெள்ளைச் சொட்டுகள். கழுவினால் போகவே இல்லை.

மேல்தளக் கான்கிரீட்டின் விரிசல் வழியாகக் கசியும் நீர் அது. சும்மா தண்ணீர் அல்ல. கான்கிரீட்டில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது, காரத்தன்மை அதிகம். காய்ந்ததும் கல்லாகிவிடும். புதிதாக இருந்தால், வெள்ளை வினிகரில் தண்ணீர் கலந்து துணியை நனைத்துச் சில நிமிடம் மேலே போட்டுவிட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நகத்தாலோ பிளேடாலோ சுரண்ட வேண்டாம். நாள்பட்டதென்றால் பாலிஷ் போடத்தான் வேண்டும். சில தடங்கள் அதற்கும் போகாது.

இனி நிறுத்தும்போது கூரையில் வெள்ளைக் கோடோ, விழுதோ, குழாய் இணைப்போ தலைக்கு நேரே இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடமே அதுதான் என்றால் கட்டட நிர்வாகத்துக்குப் படத்துடன் எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது பின்னால் உதவாது.

கேள்வி: வெள்ளைக் காரில் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடிப் புள்ளிகள். துருவா?

துருதான், ஆனால் உங்கள் காரின் துரு அல்ல. ரயில் பாதை ஓரம், வெல்டிங், கிரைண்டிங் நடக்கும் இடம் ஆகியவற்றின் அருகே பறக்கும் இரும்புத் துகள் பெயின்டில் பதிந்து துருப்பிடித்திருக்கிறது. இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம் கார் பராமரிப்புக் கடைகளில் கிடைக்கும். கிரைண்டிங் பொறி பறக்கும் தூரத்தில் மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கண்ணாடியில் பதிந்த பொறியை எடுக்க முடியாது.

கேள்வி: முன்பக்கமாக நிறுத்துவதா, ரிவர்ஸிலா?

ரிவர்ஸில். உள்ளே போகும்போது கட்டம் காலியாக இருக்கிறது, எதுவும் நகராது. வெளியே வரும்போது எதிரே வண்டியும் ஆளும் தெரிவார்கள். டிக்கியில் சாமான் ஏற்ற வேண்டும் என்றால் மட்டும் முன்பக்கமாக. அப்படி நிறுத்தும்போது சக்கரத் தடுப்பில் டயர் முட்டும்வரை போகாதீர்கள். பம்பரின் அடிப்பகுதி தாழ்ந்த கார்களில் அதுதான் முதலில் உரசும்.

கேள்வி: வீட்டில் கார் நிறுத்த இடமில்லை, இரவில் தெருவில்தான். சைடு மிரர் இரண்டு தடவை போய்விட்டது.

மிரரை மடக்குவது பாதி மருந்து. மீதி, எதிர்வீட்டு கேட்டைப் பார்ப்பது. அங்கிருந்து ஒரு கார் ரிவர்ஸில் வந்து திரும்பினால் அதன் பின்பக்கம் எங்கே வரும் என்று கணக்குப் போடுங்கள். அந்த இடத்தில் உங்கள் கார் இருக்கக் கூடாது. தெரு முனையில் நிறுத்தினால் திரும்பும் லாரியின் பின்பகுதி வாரிவிடும். வளைவின் வெளிப்புறம் இன்னும் மோசம். வேகமாக வந்து கட்டுப்பாடு இழக்கும் வண்டி அந்தப் பக்கம்தான் வரும். நேரான பகுதி, தெருவிளக்கு தெரிகிற தூரம், குப்பைத் தொட்டியிலிருந்து தள்ளி. ஏன் தள்ளி என்றால், எலி. ஓட்டி வந்து நிறுத்திய எஞ்சின் கதகதப்பாக இருக்கும், ஏறி உட்கார்ந்து ஒயரைக் கடிக்கும்.

சரிவான தெரு என்றால் ஹேண்ட் பிரேக் போட்டதோடு விடாமல் முன்சக்கரத்தையும் திருப்பி வையுங்கள். முகம் இறக்கத்தைப் பார்த்திருந்தால் சக்கரம் நடைபாதைத் திட்டின் பக்கம். ஏற்றத்தைப் பார்த்திருந்தால் திட்டுக்கு எதிர்ப்பக்கம். திட்டே இல்லாத தெருவில் எப்படி நின்றாலும் சாலை ஓரத்தின் பக்கம்.

மழைக்காலத்தில் தெருவின் தாழ்ந்த இடத்தை விட்டுவிடுங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. தண்ணீர் அமுங்காது, எஞ்சினுக்குள் பிஸ்டனோடு இணைந்த தண்டு வளைந்துவிடும். இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கேள்வி: கார் வாங்கும்போது செராமிக் கோட்டிங், கதவு ரப்பர், கவர், டாஷ்கேம் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். பார்க்கிங் அடிக்கு எது உதவும்?

செராமிக் கோட்டிங் உதவாது. பெயின்ட் மேல் பூசும் அந்தப் பூச்சு சில மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்தான் இருக்கும். கழுவுவது எளிதாகும், எச்சம் கொஞ்சம் மெதுவாகத் தாக்கும். கதவு மோதினால் அதற்கு ஒரு வேலையும் இல்லை. 'ஸ்கிராட்ச் வராது' என்று விற்பவர் சொன்னால் அதை பில்லில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். பெயின்ட் மீது ஒட்டும் பிபிஎஃப் ஃபிலிம் வேறு ரகம். 150 முதல் 200 மைக்ரான் இருக்கும், உரசலை அது வாங்கிக்கொள்ளும். ஆனால் விலையும் அதற்கேற்றபடி. கார் முழுவதும் ஒட்டாமல் பம்பர் மூலைகளுக்கும் கைப்பிடிக் குழிக்கும் மட்டும் ஒட்டினாலே போதும் என்பது என் கருத்து. பலமாக விழும் அடியின் ஒடுக்கை அதுவும் தடுக்காது.

கதவு விளிம்பில் மாட்டும் ரப்பர் காப்பாற்றுவது உங்கள் கதவின் விளிம்பையும் பக்கத்துக்காரர் காரையும். நல்ல காரியம்தான், வாங்குங்கள். உங்கள் கதவின் நடுவே விழும் அடிக்குப் பக்கவாட்டுப் பட்டை வேண்டும். அது காரின் அகலமான பகுதியில் துருத்திக்கொண்டு நின்றால்தான் பயன். அழகுக்காகக் கீழே ஒட்டிய பட்டையால் பயனில்லை. கவர், கழுவித் துடைத்த கார் மீது மட்டும். தூசியோடு மூடினால் காற்றில் ஆடி ஆடிக் கவரே உப்புத்தாள் வேலை செய்துவிடும். டாஷ்கேம் வாங்கினால் நிற்கும்போதும் பதிவு செய்கிறதா, பேட்டரி இறங்கினால் தானாக அணைகிறதா என்று கேளுங்கள். இரண்டாவது இல்லையென்றால் ஒருநாள் கார் ஸ்டார்ட் ஆகாது.

ஒடுக்கு விழுந்த பிறகு உடனே டிங்கரிங், பெயின்ட் என்று போக வேண்டாம். பெயின்டில் விரிசல் விழாமல் இருந்தால், உள்பக்கமிருந்து கருவியால் தள்ளி, பெயின்ட் அடிக்காமலே சரிசெய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். செலவு பெரும்பாலும் குறைவு, கம்பெனி பெயின்டும் அப்படியே இருக்கும்.

கேள்வி: 'சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் கார் அடிபட்டது. கேட்க முடியாதா?

கேட்கலாம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் ஒரு வித்தியாசம் முக்கியம். நீங்களே நிறுத்திப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனால் அது வெறும் இடவாடகை என்று வாதிடுவார்கள். சாவியை அவர்களிடம் கொடுத்திருந்தால் காரை அவர்கள் வசம் ஒப்படைத்திருக்கிறீர்கள். அப்போது பலகையைக் காட்டித் தப்பிப்பது கடினம்.

எதுவானாலும் காரை நகர்த்தாமல் படம் எடுங்கள். அடிபட்ட இடம், பக்கத்து வண்டியின் எண், தூணில் எழுதியிருக்கும் எண் எல்லாம் வரவேண்டும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கேமராப் பதிவைச் சேமித்து வைக்கும்படி அன்றே எழுத்தில் கேளுங்கள், பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். காப்பீட்டில் கோருவதற்கு முன், நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகையையும், அடுத்த ஆண்டு இழக்கப்போகும் சலுகையையும் கூட்டிப் பாருங்கள். சின்ன ஒடுக்கு என்றால் பல நேரம் சொந்தக் காசில் சரிசெய்வதே மலிவு. இனிமேல் சாவியைக் கொடுக்கிற இடங்களில், கொடுக்கும் முன் காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், மீட்டரில் உள்ள கிலோமீட்டரும் தெரியும்படி.