எக்செலிலிருந்து கருவிக்கு: டெஸ்ட் மேலாண்மை பற்றிச் சில கேள்விகள்

மென்பொருளை எப்படிச் சோதிப்பது என்று படிப்படியாக எழுதிய டெஸ்ட் கேஸ்களையும் அவற்றை ஓட்டிய முடிவுகளையும் எதில் வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தவர்களுக்கு இந்தப் பதில்கள். நான் எந்தக் கருவியையும் விற்பவள் அல்ல. நான்கு முறை கருவி மாறியிருக்கிறேன். அதில் ஒரு முறை படுமோசமாகச் சொதப்பியிருக்கிறேன். அதையும் கீழே சொல்கிறேன்.

அக்கா, நாங்கள் மூன்றே டெஸ்டர்கள். எக்செலில் எழுதுகிறோம். கருவி வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. முந்நூறு டெஸ்ட் கேஸ், மாதம் ஒரு ரிலீஸ் என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்து எழுதக்கூடிய விரிதாள் ஒன்று போதும். எக்செலில் எழுதுவது எளிது, பழையதைத் தேடுவதுதான் பாடு. "பணம் திருப்பித் தரும் வசதியை மூன்று ரிலீஸுக்கு முன் யார், எந்த பில்டில் (மென்பொருளின் எந்தத் தொகுப்பில்) சோதித்தார்?" என்று ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள். விடை சொல்ல அரைமணி நேரம் கோப்புகளைக் குடைய வேண்டியிருந்தால் கருவிக்கான நேரம் வந்துவிட்டது.

இன்னொன்று, டெஸ்ட் கேஸ் எண்களில் மாதப் பெயரின் ஆங்கிலச் சுருக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடக்கூடும். இந்தத் தொல்லை தாங்காமல்தான் 2020-இல் சில மனித மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள்.

எங்களிடம் ஏற்கெனவே ஜிரா இருக்கிறது. அதற்குள்ளேயே இயங்கும் எக்ஸ்ரே, ஸெஃபிர் போன்றவையா, தனியாக நிற்கும் டெஸ்ட்ரெயிலா?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். ஜிரா என்பது வேலைகளையும் பக்குகளையும் (மென்பொருள் பிழைகளையும்) பதிந்து பின்தொடரும் கருவி, மற்ற மூன்றும் டெஸ்ட் மேலாண்மைக்கானவை. வசதிப் பட்டியல்களை ஒப்பிடுவதற்கு முன், முடிவுகளை யார் படிக்கப்போகிறார்கள் என்று பாருங்கள். டெவலப்பரும் பொருள் மேலாளரும் நாள்தோறும் பார்ப்பார்கள் என்றால் ஜிராவுக்குள் இருப்பதே நல்லது. தேவை, அதற்கான டெஸ்ட், அதில் கிடைத்த பக் மூன்றும் ஒரே இழையில் தொங்கும். டெஸ்டர்கள் மட்டுமே பார்ப்பார்கள் என்றால் தனிக் கருவி இலகுவாக இருக்கும்.

அடுத்தது விலை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஜிரா கிளவுடில் (இணையவழிப் பதிப்பில்) எக்ஸ்ரே, ஸெஃபிர் போன்ற இணைப்புச் செயலிகளுக்குப் பொதுவாக ஜிராவின் மொத்தப் பயனர் எண்ணிக்கைக்கே பணம் கட்ட வேண்டும். பன்னிரண்டு டெஸ்டர்கள், நூற்றைம்பது ஜிரா பயனர்கள் என்றால் கணக்கு நூற்றைம்பதுக்குத்தான். டெஸ்ட்ரெயிலில் அதற்குள் நுழைபவர்களுக்கு மட்டும் கட்டினால் போதும். ஒரு பயனருக்கான விலையைப் பார்த்து "இதுதான் மலிவு" என்று மேலாளரிடம் சொல்லிவிடாதீர்கள். மொத்தத் தொகையைப் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

எக்ஸ்ரேயில் ஒவ்வொரு டெஸ்டும் ஜிராவின் ஒரு பதிவாகவே இருக்கும். ஜிராவின் தேடலும் அனுமதிகளும் அப்படியே கிடைப்பது வரம். நான்காயிரம் டெஸ்டுகள் வந்து சேர்ந்ததும் மற்றவர்களின் தேடலில் எல்லாம் அவையே வந்து நிற்பது சாபம். தனி ப்ராஜெக்டில் வைத்தால் பாதித் தொல்லை தீரும். ஸெஃபிர் என்ற பெயரில் உள்ளமைப்பு வேறுபட்ட தயாரிப்புகள் விற்கப்பட்டிருக்கின்றன. டெஸ்டுகளை ஜிரா பதிவாக வைப்பதும் உண்டு, தனியே வைப்பதும் உண்டு. எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பணமே இல்லை. இலவசமாக என்ன இருக்கிறது?

டெஸ்ட்லிங்க், கிவி டிசிஎம்எஸ். முன்னது பிஹெச்பி மொழியில் எழுதியது, பின்னது பைத்தானில். இரண்டும் திறந்த மூலம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மென்பொருளில் பார்த்தே ஆக வேண்டும். டெஸ்ட்லிங்க் தோற்றத்தில் பழையது, ஆனால் திட்டம், பில்ட், ஓட்டம் என்ற அடிப்படை அதில் தெளிவாக இருக்கிறது. நிறுவியதும் பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டும் 'அட்மின்' என்றே இருக்கும். முதல் வேலையாக மாற்றுங்கள். அலுவலக வலைக்கு வெளியே திறந்து வைக்காதீர்கள். பேக்கப் எடுப்பது யார் என்பதையும் பெயர் சொல்லி முடிவு செய்துவிடுங்கள்.

மேடம், எக்செலில் ஆறாயிரம் டெஸ்ட் கேஸ்கள் உள்ளன. எல்லாவற்றையும் மாற்றலாமா?

என் சொதப்பல் இங்கேதான். ஒரு சனி, ஞாயிறில் நாலாயிரத்துச் சொச்சத்தையும் ஏற்றினேன். திங்கள்கிழமை பார்த்தால் ஒரு டெஸ்ட் கேஸின் ஒன்பது படிகளும் ஒரே கட்டத்தில் கட்டியாகக் கிடந்தன. ஒன்றிணைத்த கட்டங்கள் இருந்த இடங்களில் எதிர்பார்க்கும் விளைவு ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. தமிழில் இருந்த சோதனைத் தரவு முழுவதும் கேள்விக்குறிகள். திருத்த ஆறு வாரம் ஆனது. அதற்குள் குழு கருவியின் மேல் நம்பிக்கை இழந்து பழைய கோப்புக்கே திரும்பிவிட்டது.

இப்போது நான் செய்வது இதுதான். கடைசி இரண்டு ரிலீஸ்களில் ஓட்டியவற்றை மட்டும் எடுப்பேன். மற்றவை படிக்க மட்டும் முடிகிற கோப்பில் இருக்கட்டும், தேவைப்பட்டால் கேட்பார்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. படிகளை வரிவரியாகப் பிரித்து, ஒன்றிணைத்த கட்டங்களை உடைத்து, சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பு) தமிழ் எழுத்து சிதையாத யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்து, முதலில் இருபதை மட்டும் ஏற்றிப் பார்ப்பேன். பழைய எண்ணுக்கென்று ஒரு புலம் கட்டாயம் வேண்டும். பழைய பக் குறிப்புகள் எல்லாம் அந்த எண்ணைத்தான் சொல்கின்றன.

ஆட்டோமேஷன் முடிவுகளைக் கையால் ஏற்றுகிறோம். வேறு வழி?

தானியங்கி டெஸ்டுகளின் முடிவைச் சொல்லும் ஜேயூனிட் பாணி எக்ஸ்எம்எல் கோப்பை ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் நேரடியாகவோ ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி) மூலமாகவோ வாங்கிக்கொள்ளும். டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் போன்றவற்றில் ஓட்டம் முடிந்ததும் தானாக அனுப்பச் செய்யுங்கள். ஸ்கிரிப்டின் பெயரிலேயே டெஸ்ட் கேஸ் எண் இருந்தால் இணைப்பது எளிது.

நாங்கள் மருத்துவக் கருவிக்கான மென்பொருள் செய்கிறோம். அமெரிக்கத் தணிக்கைக்கு எது பொருந்தும்?

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவின் 21 சிஎஃப்ஆர் பகுதி 11 என்ற விதி மின்னணுப் பதிவுகளையும் கையொப்பங்களையும் பற்றியது. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும். கையொப்பத்தில் பெயரும் நேரமும் எதற்காகக் கையொப்பம் என்பதும் தெரிய வேண்டும். "எங்கள் கருவி விதிக்கு உட்பட்டது" என்று விற்பவர் சொன்னால் மட்டும் போதாது. உங்கள் பயன்பாட்டுக்கு அது சரியாக இயங்குகிறது என்று நீங்கள்தான் சோதித்துச் சான்று வைத்திருக்க வேண்டும்.

தணிக்கை இல்லாதவர்களும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஒரு டெஸ்ட் கேஸை ஓட்டி 'பாஸ்' போடுங்கள். பிறகு அதன் படிகளைத் திருத்துங்கள். பழைய ஓட்டத்தைத் திறந்தால் பழைய படிகள் தெரிகின்றனவா, புதியவையா? புதியவை தெரிந்தால் அந்தக் கருவி உங்கள் வரலாற்றைப் பொய்யாக்குகிறது.

விற்கும் நிறுவனமே கை மாறிவிட்டால்?

மாறும். குவாலிட்டி சென்டர் என்ற டெஸ்ட் மேலாண்மைக் கருவி மெர்க்குரி நிறுவனத்திடமிருந்து 2006-இல் ஹெச்பிக்கும், 2017-இல் மைக்ரோ ஃபோகஸுக்கும், 2023-இல் ஓப்பன்டெக்ஸ்ட்டுக்கும் போனது. சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் ஜிரா சர்வர் பதிப்புக்கான ஆதரவு 2024 பிப்ரவரியில் நின்றது. அதை நம்பியிருந்தவர்கள் எல்லோரும் இடம் மாற வேண்டியதாயிற்று. இலவசச் சோதனைக் காலத்திலேயே எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். டெஸ்ட் கேஸ்கள் சுலபமாக வந்துவிடும். ஓட்ட வரலாறும் இணைப்புப் படங்களும் வருகின்றனவா என்பதுதான் கேள்வி.

வாங்கிவிட்டோம். யாரும் நிரப்புவதில்லை, அக்கா.

ஒரு டெஸ்ட் கேஸுக்கு எத்தனை கட்டாயப் புலங்கள் வைத்திருக்கிறீர்கள்? நாங்கள் பதினான்கு வைத்திருந்தோம். ஐந்தாகக் குறைத்த பிறகுதான் எழுதத் தொடங்கினார்கள்.