பழைய சாஃப்ட் டாப் கன்வெர்ட்டிபிள் காரைப் பனிக்காலம் முழுக்க ஓட்ட முடியுமா?

கேள்வி: பழைய துணிக்கூரை கன்வெர்ட்டிபிள், அதாவது கூரையை மடக்கித் திறக்கும் கார், ஒன்றை வாங்கும் யோசனை இருக்கிறது. வேறு கார் கிடையாது, கராஜும் கிடையாது. பனி கொட்டும் குளிர்காலத்தை அது தாங்குமா?

தாங்கும். நான் இதே நிலைமையில் நான்கு குளிர்காலம் ஓட்டிவிட்டேன், நிறுத்துவதும் தெருவோரம்தான். ஆனால் முதல் வருடம் நான் பயந்தது ஒன்றுக்கு, காலை வாரியது வேறொன்று.

பயந்தது குளிருக்கு. மேலே வெறும் துணி, உள்ளே விறைத்துப்போவோம் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேர் உட்காரும் சின்ன இடம் என்பதால் ஹீட்டர் போட்டதும் சட்டென்று சூடாகிவிடுகிறது. காரை அணைத்தால் அதே வேகத்தில் ஆறியும் விடும். சாலை இரைச்சல் கொஞ்சம் அதிகம். குளிரைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை.

காலை வாரியது தண்ணீர். ஒரு நாள் சிக்னலில் பிரேக் பிடித்தபோது கதவுக்குக் கீழேயிருந்து 'சளக்' என்று ஒரு சத்தம். தண்ணீர் பாட்டில் உருள்கிறது என்று நினைத்துச் சீட்டுக்கு அடியில் துழாவினேன், எதுவும் இல்லை. அடுத்த சிக்னலில் மறுபடியும் சளக். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே காலையில் கண்ணாடியின் உட்புறம் உறைபனி படிந்திருந்தது. வெளிப்புறம் படிந்தால் இயல்பு. உட்புறம் தொடர்ந்து படிகிறது என்றால் காருக்குள் எங்கோ தண்ணீர் தேங்கி ஆவியாகிக்கொண்டிருக்கலாம். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை, துணியால் துடைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

கூரை கிழியவில்லை. இது பலருக்குத் தெரியாத விஷயம்: இந்தக் கார்களில் 'கூரை ஒழுகுது' என்று சொல்லப்படுவது பல நேரம் கூரையின் தப்பே இல்லை. துணியில் விழும் மழை பின்பக்கம் வழிந்து, கூரை காருடன் சேரும் இடத்தில் ஓடும் ஒரு ரப்பர் வாய்க்காலில் இறங்கும். அங்கிருந்து இரண்டு மூலையிலும் உள்ள துளை வழியாகக் குழாயில் போய்ப் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் கொட்டும். பல மாடல்களில் ஏறக்குறைய இந்த அமைப்புதான். இலையுதிர் காலச் சருகும் தூசியும் அந்தத் துளையில் சேர்ந்து களிமண் மாதிரி அடைத்துக்கொண்டால் தண்ணீருக்கு ஒரே வழி, காருக்குள். சீட்டுக்குப் பின்னால் இறங்கி, கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சில் ஊறி, மிச்சம் கதவடியில் ஓடும் பெட்டி போன்ற இரும்புக்குள், அதாவது சில்லுக்குள், தேங்கும். நான் கேட்ட சளக் அதுதான். அந்த இடம் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும், பெயின்ட் கொப்புளிக்கும்போதுதான் நமக்குத் தெரியும். கூரை இல்லாத காருக்கு உடம்பின் உறுதி பெரும்பாலும் அந்தச் சில்லில்தான் இருக்கிறது என்பதால் இதைச் சாதாரணத் துரு என்று விட்டுவிட முடியாது.

அடைப்பை எடுக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. புல்வெட்டும் மெஷினில் போடும் தடித்த நைலான் கம்பியை மெதுவாக நுழைத்து ஆட்டி, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, கீழே கொட்டுகிறதா என்று பார்த்தேன். கம்ப்ரஸர் காற்று அடிக்காதீர்கள், உள்ளே குழாய் கழன்றுவிட்டால் அடைப்பே தேவலை என்று ஆகிவிடும். கார்பெட்டைக் காயவைக்கத்தான் பத்து நாள் பிடித்தது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் பஞ்சைப் பிழிந்தால் சொட்டும். சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கிக் கட்டைகளை முட்டுக்கொடுத்து, கீழே ஃபேன் வைத்தேன். அந்தப் பத்து நாளும் பஸ்தான்.

இப்போது நினைத்தால், வாங்கும்போதே காரில் மூன்று வாசனை அட்டைகள் தொங்கின. பழைய ஓனர் சுத்தக்காரர் என்று நினைத்தேன்!

அதனால் நீங்கள் காரைப் பார்க்கப் போவதாக இருந்தால் மழை நாளில் போங்கள். கோடையில் எல்லாக் கன்வெர்ட்டிபிளும் நல்ல கன்வெர்ட்டிபிள்தான். சீட்டுக்குப் பின்னால் கார்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியைத் திறந்து பாருங்கள். மோட்டாரில் மடங்கும் கூரை என்றால் இன்னும் கவனம் வேண்டும். சில மாடல்களில் கூரையை இயக்கும் பம்ப்பே தண்ணீர் தேங்கும் மூலையில்தான் உட்கார்ந்திருக்கிறது. வடிகால் அடைத்தால் பம்ப் மூழ்கிச் செத்துவிடும்.

அடுத்தது பின்கண்ணாடி. அது கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று முதலில் பாருங்கள். 1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஜன்னல். 1998-இல் வந்த இரண்டாம் தலைமுறையில்தான் சூடாகும் கம்பிகளுடன் நிஜக் கண்ணாடி வந்தது. பிளாஸ்டிக் குளிரில் அப்பளம் மாதிரி விறைத்துவிடும், அந்த நிலையில் மடித்தால் மடித்த கோட்டிலேயே விரிசல். ஐஸ் சுரண்டும் கருவியை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது, ஒரே இழுப்பில் நிரந்தரக் கீறல். வெந்நீரும் வேண்டாம். பனியை மென்மையான பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, மீதியை ஹீட்டர் உருக்கும்வரை காத்திருப்பதுதான் வழி. கூரை மேல் இருக்கும் பனிக்கும் அதே பிரஷ்தான். கனமாகச் சேரவிட்டால் துணி கம்பிகளுக்கு நடுவே தொய்ந்துவிடும்.

கதவிலும் ஒரு சங்கதி உண்டு. இந்தக் கார்களில் பெரும்பாலும் கதவுக் கண்ணாடிக்கு ஃப்ரேம் இருக்காது, கண்ணாடி நேராகக் கூரையின் ரப்பர் பீடிங்கில் போய் அழுந்தும். புதிய மாடல்களில் கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி ஒரு விரல் அளவு கீழே இறங்கி வழிவிடும். ஈரம் உறைந்து இரண்டும் ஒட்டிக்கொண்டால் கண்ணாடி இறங்காது. அவசரத்தில் இழுத்தால் பீடிங் கிழியும். குளிர் தொடங்கும் முன் எல்லாப் பீடிங்கிலும் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவிவிடுங்கள். அரை மணி நேர வேலை, பீடிங் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

டயரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பு குறையும். பின்சக்கரத்தில் ஓடும் லேசான கார் என்றால் சறுக்குவது உடனே தெரியும். பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்த டயராகப் பார்த்து நான்கிலும் மாட்டுங்கள். ஒரு ஜோடி மட்டும் மாற்றினால், பிடிக்கும் முனைக்கும் வழுக்கும் முனைக்கும் நடுவே நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

உப்பு போடும் சாலைகளில் ஓட்டினால் உறையாத நாளாகப் பார்த்துக் காரின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். பிரஷ் சுழலும் ஆட்டோமேட்டிக் கார் வாஷில் மட்டும் விடாதீர்கள், துணி தேயும், அங்கே தெளிக்கும் மெழுகு துணியில் படிந்து திட்டுத் திட்டாகும். பேட்டரி, நீர் ஒட்டாத ஸ்ப்ரே எல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும், விட்டுவிடுகிறேன். வெளியே நிறுத்தும் கார் மேல் பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போட்டு மூடாதீர்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். ஓட்டும்போது குளிர்காலத்திலும் ஏசியை ஹீட்டரோடு சேர்த்துப் போடுங்கள், அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துவிடும். வெளியே உறைநிலைக்குப் பக்கத்தில் இருந்தால் பல கார்களில் ஏசி தானாகவே நின்றுவிடும், அன்றைக்கு அந்த உதவி கிடைக்காது.

வேறு கார் இல்லை என்கிறீர்களே, அதில் ஒரு சிக்கல் உண்டு. இவை தரையோடு தரையாக ஓடும் கார்கள். கணுக்காலுக்கு மேல் புதுப்பனி கிடந்தால் வயிறு தட்டி நின்றுவிடும், டயர் எவ்வளவு நல்லதானாலும் சரி. வருடத்தில் அப்படிச் சில நாள் எனக்கு வரும், அன்று காரைத் தொடுவதில்லை. உங்கள் வேலை எந்த நாளும் போயே ஆக வேண்டிய வேலை என்றால் இதை வாங்காதீர்கள்.

அப்புறம், குளிர்காலத்தில் கூரையைத் திறக்கவே கூடாது என்று நினைக்க வேண்டாம். காய்ந்த, வெயிலடிக்கும் நாளில் முதலில் கால் மணி நேரம் ஹீட்டரோடு ஓட்டித் துணியை உள்ளிருந்து இளகவிடுங்கள். பிறகு கையை வைத்துப் பாருங்கள். ஈரமோ விறைப்போ இருந்தால் அன்று வேண்டாம். இல்லையென்றால் மடக்கிவிட்டுக் கதவுக் கண்ணாடிகளை ஏற்றி, ஹீட்டரைக் காலுக்குத் திருப்புங்கள். இடுப்புக்குக் கீழே அடுப்படி, காதுக்கு மேலே மலைக்காற்று. போன வாரம் அப்படிப் போகும்போது பஸ் ஸ்டாப்பில் நின்ற பெரியவர் ஒருவர் தன் தொப்பியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார், வேண்டுமா என்று கேட்பது போல.