காலில் சக்கரம் கட்டிய பிள்ளை

கேள்வி: தேவகோட்டைக்கு அருகே ஒரு கிராமத்தில், கணவரின் பூர்வீக வீட்டில், மாமனார் மாமியாருடன் வசிக்கிறேன். கணவர் சிங்கப்பூரில் பணிபுரிகிறார். எட்டு வயது மகன் காரைக்குடியில் ஆங்கில வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். மே மாதம் பிறந்தவன். வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை, எழுதத் தொடங்கியதை முடிப்பதில்லை, வாரம் ஒரு பென்சில் பெட்டியைத் தொலைக்கிறான். சென்ற பிள்ளையார் நோன்பன்று, நூல்திரி ஏற்றிய இழைமாவை வாங்கி உண்ணத் தன் முறை வரும்வரை நிற்க முடியாமல் முண்டியடித்து, மாவுத் தட்டையே தட்டிவிட்டான். ஏ.டி.எச்.டி.யாக (கவனக்குறைவும் அதீத இயக்கமும் சேர்ந்த குறைபாடு) இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள் என்கிறார் ஆசிரியை. "அவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான், இப்போது நன்றாக இல்லையா?" என்கிறார் அவனுடைய அப்பத்தா. காகிதத்தில் ஏறிவிட்டால் அதுவே பிள்ளைக்குப் பெயராகிவிடும் என்று அவனுடைய ஐயா, அதாவது என் மாமனார், அஞ்சுகிறார். ஒரு மருத்துவரிடம் காட்டினேன். அவர் முன் சமர்த்தாக உட்கார்ந்திருந்தான், "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். கைப்பேசியை மட்டும் ஒரு மணி நேரம் அசையாமல் பார்க்கிறான். மாத்திரை கொடுத்துவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரி, கடிதத்துடன் நீங்கள் இணைத்திருந்த கணக்கு நோட்டின் நகலைத்தான் முதலில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மூன்று கணக்குகள் அச்சடித்தாற்போல் இருக்கின்றன. நான்காவதில் கூட்டல் குறியைக் கவனியாமல் கழித்திருக்கிறான், கழித்தது சரி. ஐந்தாவதில் மேல்வரியில் இருந்த 62, கீழே இறங்கும்போது 26 ஆகிவிட்டது. ஆறாவது பாதியில் நிற்கிறது. அதன் பக்கத்தில் ஜன்னல்களும் படிக்கட்டில் நிற்கும் நடத்துநருமாக ஒரு பேருந்து. மூன்று கணக்கு வரை இருந்த பிடி நான்காவதில் ஏன் நழுவியது என்பதுதான் கேள்வி; அதற்கு விடை காண்பதற்குத்தான் பரிசோதனை. ஆகவே காட்டுங்கள் என்பதே என் பதில். ஆனால் எதைக் காட்டுவது, எப்படிக் காட்டுவது என்பதில்தான் பெரும்பாலான பெற்றோர் தடுமாறுகிறார்கள் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தக் குறைபாட்டைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. யாரேனும் மூளை ஸ்கேன் எடுத்தே ஏ.டி.எச்.டி.யைச் சொல்லிவிடுகிறோம் என்றால், அந்தப் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள். பிள்ளையை நாள்தோறும் பார்ப்பவர்கள் சொல்வதைக் கேட்டு, அளவுகோலில் வைத்துப் பார்த்து, வேறு காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே முடிவுக்கு வருகிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட மனநலக் குறைபாடுகளைக் கண்டறியும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு வரையறை கவனமின்மைக்கு ஒன்பது அறிகுறிகளையும், அதீத இயக்கத்துக்கும் பொறுமையின்மைக்கும் சேர்த்து ஒன்பதையும் தருகிறது. உங்கள் மகன் வயதில் இவ்விரண்டில் ஏதேனும் ஒரு பட்டியலிலாவது ஆறு அறிகுறிகள், வயதுக்கு மீறிய அளவில், ஆறு மாதமேனும் நீடித்திருக்க வேண்டும். அவற்றுள் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டுமன்றி இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். படிப்பையோ பழக்கத்தையோ உண்மையாகவே பாதித்திருக்கவும் வேண்டும்.

இரண்டு இடங்கள் என்னும் நிபந்தனையில்தான் உங்கள் வீடு ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. முகப்பில் தொடங்கி வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில் ஒரு பிள்ளை நாள் முழுவதும் ஓடினாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நகரத்து இரண்டு அறை அடுக்குமாடி வீட்டில் ஒரே வாரத்தில் கண்ணில் பட்டிருக்கக் கூடியதை உங்கள் வளவு விழுங்கிவிடுகிறது. "வீட்டில் ஒன்றும் தொந்தரவு இல்லை" என்று மருத்துவரிடம் சொல்லிவிடாமல், வீட்டிலேயே அவன் அடங்கி இருக்க வேண்டிய வேளைகளை எண்ணிப் பாருங்கள்: வீட்டுப்பாடம், சாப்பாட்டுப் பந்தி, பள்ளிக்குக் கிளம்பும் அரைமணி, கோயில் வரிசை. நோன்பன்று நடந்ததை நீங்கள் வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். மருத்துவருக்கு அது பயனுள்ள செய்தி. ஆனால் ஆண்டுக்கு ஒருநாள் நிகழ்ச்சியைக் கொண்டு எதுவும் சொல்ல முடியாது. நூலும் மாவும் நெருப்புமாக இருக்கும் இடத்தில் எந்தப் பிள்ளைதான் பொறுமையாக நிற்கும்? இரண்டு வாரம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். "சொன்னால் கேட்பதில்லை" என்று எழுதாதீர்கள். "செருப்பை எடுத்து வா என்றேன், போகும் வழியில் பூனையைப் பார்த்து அதன் பின்னே போனான், மூன்றாம் முறை சொன்ன பிறகு எடுத்து வந்தான்" என்று எழுதுங்கள். அவன் நன்றாகச் செய்த வேளைகளும் அதில் இடம்பெற வேண்டும்.

மருத்துவர் முன் அவன் சமர்த்தாக இருந்ததில் வியப்பில்லை. புது இடம், புது முகம், எதிரே ஒருவர் மட்டும், மேசை மேல் பார்த்திராத பொருள்கள். இப்படிப்பட்ட சூழலில் இந்தக் குறைபாடு உள்ள பிள்ளைகளும் அடங்கி இருப்பதுண்டு என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. கைப்பேசியும் அதே கணக்குத்தான். அங்கே விநாடிக்கு விநாடி பரிசு கிடைக்கிறது; பிள்ளை கவனத்தைச் செலுத்த வேண்டியதில்லை, அதுவே இழுத்துக்கொள்கிறது. பத்து நிமிடத்தில் "இல்லை" என்றவரும், பத்து நிமிடத்தில் "ஆம்" என்று சீட்டு எழுதியிருக்கக் கூடியவரும் எனக்கு ஒன்றுதான்.

அப்பத்தாவின் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். அவரை அறியாமலேயே அவர் நல்ல தகவல் ஒன்றைத் தந்திருக்கிறார். இக்குறைபாடு குடும்பத்தில் வழிவழியாக வரும் தன்மை மிகவும் உடையது. கணவர் சிறு வயதில் எப்படி இருந்தார், எந்த வயதில் அடங்கினார், பள்ளியில் எவ்வளவு அடி வாங்கினார் என்று அப்பத்தாவிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கணவரிடமும் கேளுங்கள்; "நன்றாக இல்லையா?" என்ற கேள்விக்கு அவருடைய பதில் வேறாகவும் இருக்கக் கூடும்.

இனி, வேறு காரணங்கள். காது, கண் இரண்டையும் முதலில் பரிசோதித்துவிடுங்கள். கடைசி பெஞ்சில் அமர்ந்து கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளையும் பக்கத்தில் இருப்பவனோடுதான் பேசிக்கொண்டிருப்பான். இரவில் குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்தபடி தூங்குகிறானா என்று பாருங்கள். மூக்கின் பின்புறம் அடினாய்டு சதை வளர்ந்து தூக்கம் கெட்ட பிள்ளை பகலில் சோர்ந்து கிடப்பதற்கு மாறாகத் துள்ளிக் குதிப்பான். ரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றையும் மருத்துவர் சோதிக்கச் சொல்லலாம். பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடி வெறித்துப் பார்த்து நின்றுவிட்டுத் தொடர்கிறான் என்றால் அதைத் தவறாமல் சொல்லுங்கள். ஒருவகை வலிப்பு அப்படியும் வரும். 62 எப்படி 26 ஆயிற்று என்பதையும் நான் மறக்கவில்லை. அவசரத்திலும் அப்படி நேரும், கற்றல் குறைபாட்டிலும் நேரும். இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருப்பதும் அரிதன்று. வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக இருப்பதால், தமிழில் எழுதிய நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

அவன் மே மாதப் பிள்ளை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை அடிக்கோடிட்டு வைத்தேன். ஜூனில் தொடங்கும் கல்வியாண்டில் அவன் அநேகமாக வகுப்பிலேயே இளையவன். பக்கத்து நாற்காலிப் பிள்ளை அவனைவிடப் பத்து, பதினொரு மாதம் மூத்தவனாக இருக்கலாம். எட்டு வயதில் அது பெரிய இடைவெளி. வகுப்பில் வயது குறைந்த பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் கூடுதலாகச் சூட்டப்படுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆசிரியை நிரப்பித் தரும் மதிப்பீட்டுப் படிவத்தோடு பிறந்த தேதியையும் மருத்துவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஆசிரியையின் மீது வருத்தம் வேண்டாம். அவர் நோயைப் பெயரிட்டது அவர் எல்லைக்கு அப்பாற்பட்டது, கவனித்துச் சொன்னது அவர் கடமை. வகுப்பில் அமைதியாக அமர்ந்து ஜன்னலுக்கு வெளியே கனவு காணும் பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கவனிப்புகூடக் கிடைப்பதில்லை.

எங்கே செல்வது? குழந்தை மனநல மருத்துவர், அல்லது குழந்தை வளர்ச்சியில் பயிற்சி பெற்ற குழந்தை மருத்துவர். உடன் மருத்துவ உளவியலாளர் ஒருவர் இருக்க வேண்டும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். 2013 முதல் நடைபெறும் தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைப் பற்றி அங்கேயே விசாரியுங்கள். தேவைப்பட்டால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. யாரிடம் போவது என்பதில் குழப்பம் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். ஒரே நாளில் முடித்துத் திரும்பிவிடலாம் என்று எண்ணாதீர்கள். இரண்டு, மூன்று முறை போக வேண்டிவரும்.

மாத்திரை அடுத்த கட்டம். குறைபாடு உறுதியான பின்னும் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு மருந்தோடு பெற்றோர் பயிற்சியும் வகுப்பறை மாற்றங்களும் சேர்ந்தே வர வேண்டும். வழக்கமாகத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட், கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்து. மருத்துவர் சீட்டின்றிக் கிடைக்காது. அதனால் பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். எனவே எடை, உயரம், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றை அவ்வப்போது பார்ப்பார்கள். வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும், எதற்கு என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

ஐயாவின் அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். சொல்லாமலே செய்தி பரவும் ஊர்களை எனக்கும் தெரியும். ஆனால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, இத்தகைய விவரங்களைக் காப்பது மருத்துவரின் கடமை. அறிக்கை உங்கள் கையில்தான் வரும். பள்ளிக்கு எவ்வளவு காட்டுவது என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள்: பெயர் ஏற்கெனவே இருக்கிறது. சோம்பேறி, அடங்காதவன், கவனமில்லாதவன் என்று வகுப்பில் அவன் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கும் பெயர்களைவிட மருத்துவர் எழுதும் பெயர் கொடிதாக இராது. கற்றல் குறைபாடும் இருப்பது தெரியவந்தால், அது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருப்பதால், தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு அந்தக் காகிதமே வழி.

கிளம்பும் முன் மகனிடம் உண்மையைச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள். "உனக்கு எழுதி முடிப்பது ஏன் கஷ்டமாக இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் போகிறோம்" என்பது போதும். ஊசி இல்லை என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டால் இரண்டாம் முறை பேருந்தில் ஏற மாட்டான்.