மலைமேல் ஃப்ளேம்ப்ரூஃப்: மின்பணி கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் சிஃப்டிங் ரூமில் (தூள் சலிக்கும் அறை) ஃப்ளேம்ப்ரூஃப் லைட் போட்டிருக்கிறோம். ஆய்வுக்கு வந்தவர் ஆகாது என்கிறார். பெட்ரோல் பங்க்குக்கு ஆகும் லைட் தேயிலைத் தூசிக்கு ஆகாதா?
– தேயிலைத் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன், குன்னூர்

பதில்: வந்தவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஃப்ளேம்ப்ரூஃப் பெட்டி வாயு உள்ளே புகுவதைத் தடுப்பதில்லை. உள்ளே வெடித்தால் தீ வெளியே வராமல் மூடியின் இடுக்கிலேயே ஆறிப்போகும். தூசிக்கு வேண்டியது வேறு: தூசி உள்ளே போகக் கூடாது, மேற்பரப்பு சுடக் கூடாது. பெயர்ப்பலகையில் வாயுவுக்கான குரூப் 2 மட்டும் இருந்தால் அது உங்களுக்கு இல்லை; தூசிக்கான குரூப் 3 இருக்கிறதா என்று பாருங்கள். அபாயப் பகுதிகளைப் பிரிக்கும் ஸோன் எண், பொதுவாகச் சல்லடைக்குள் 20, தூசி கொட்டும் வாய்க்கருகே 21, தள்ளி 22 என்று அமையும். 21-ல் ஐபி 6எக்ஸ் (தூசி துளியும் புகாத பாதுகாப்பு) தேவை.

வெப்பக் கணக்கில்தான் பலரும் தடுக்குகிறார்கள். உங்கள் தூசி காற்றில் மிதக்கும்போது 480 டிகிரியிலும், 5 மி.மீ. படிவாக இருக்கும்போது 300 டிகிரியிலும் பற்றுவதாக ஆய்வக அறிக்கை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் மூன்றில் இரண்டு பங்கு 320. இரண்டாவதில் 75 கழித்தால் 225. எது குறைவோ அதுவே வரம்பு. லைட்டின் மேற்பரப்பு 225-ஐத் தாண்டக் கூடாது. படிவு 5 மி.மீ.க்கு மேல் போனால் இந்தக் கணக்கே செல்லாது, வரம்பு இன்னும் இறங்கும். ஆகவே லைட்டின் தலையில் உட்காரும் பஞ்சைத் துடைப்பதும் வயரிங் வேலைதான். (டஸ்ட் என்றதும் டீத்தூள் ரகம் நினைவுக்கு வந்தால் நாங்கள் பொறுப்பல்ல!)

கேள்வி: ஒரு ஃப்ளேம்ப்ரூஃப் கருவியின் சான்றிதழில் காற்றழுத்தம் 80 முதல் 110 கிலோபாஸ்கல் என்று இருக்கிறது. ஊட்டியில் கேஸ் சிலிண்டர் கிடங்குக்கு அந்தக் கருவியை வாங்கலாமா?
– ஒப்பந்தக்காரர், உதகை

பதில்: நல்ல கேள்வி, சமவெளிக்காரர் யாரும் கேட்கமாட்டார். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம், அழுத்தம் ஏறத்தாழ 77. கொடைக்கானலும் 80-க்குக் கீழே. குன்னூர் நூலிழையில் உள்ளே வரும்.

வெடிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். காற்று மெலிந்தால் பெட்டிக்குள் எழும் வெடிப்பழுத்தமும் குறையும். சிக்கல் வேறு இடத்தில். மெலிந்த காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. டெர்மினல்களுக்கிடையே (வயர் இணையும் முனைகள்) மின்பொறியும் எளிதில் தாவும். மோட்டார்களின் மதிப்பீடு 1,000 மீட்டர் வரைக்கும், சாதாரண டெர்மினல் இடைவெளிகள் 2,000 மீட்டர் வரைக்கும் போடப்பட்டவை. ஊட்டிக் குளிர் மோட்டாருக்கு ஓரளவு கைகொடுக்கும், இடைவெளிக்குக் கொடுக்காது. உயரத்தையும் அழுத்தத்தையும் எழுதி, ஆர்டருக்கு முன்பே தயாரிப்பாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பில் போட்ட பிறகு கேட்டால் பதில் வராது.

இன்னொன்று: சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. ஸோன் வரைபடத்தைச் சமதரை என்று நினைத்து வரைந்துவிட்டு, சரிவில் கீழ்ப்படியில் இருக்கும் சாக்கடைக் குழியை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பனிக்காலத்தில் ஃப்ளேம்ப்ரூஃப் ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் நிற்கிறது. அடியில் 4 மி.மீ. துளை போட்டோம். தவறா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: தவறு. அந்தத் துளை வழியே தீ வெளியே வரும்; பாக்ஸை மாற்றுங்கள், வெல்டிங் அதை மீட்காது. பகலில் சூடாகி இரவில் குளிரும் பெட்டி ஈரக்காற்றை உறிஞ்சுகிறது. சான்று பெற்ற பிரீதர்-டிரெயினை (காற்றுக்கும் நீருக்கும் வழிவிடும் அடைப்பு), தயாரிப்பாளரே மரையிட்ட வாயில் பொருத்துங்கள். கேபிள் நுழையும் கிளாண்டுக்கு 5 முழு மரை பிடிக்க வேண்டும். மூடி பொருந்தும் பரப்பில் இறுகாத கிரீஸ் மட்டும் தடவுங்கள். இறுகிப்போகும் சிலிக்கோன் சீலன்ட்டும் பெயிண்ட்டும் கூடாது. பயன்படாத வாய்க்குப் பிளாஸ்டிக் மூடி போடாமல் சான்றுள்ள ஸ்டாப்பிங் பிளக் போடுங்கள்.